கிளெம் சுற்றிய கம்பி

என் அண்ணன் கிளெம் சாவதற்குப் பதினோரு நாள் முன்னால் நான் அவனிடம் ஒரு பொய் சொன்னேன். ஒரே வார்த்தைப் பொய். ஏன் சொன்னாய் என்று யாராவது கேட்டால் திமிர் என்றுதான் சொல்வேன். தேடிப் பார்த்துவிட்டேன், வேறு நல்ல காரணம் எதுவும் அகப்படவில்லை.

எங்கள் ஊரான மூன்டாவில் கிளெம் பென்ரோஸ் என்றால் மேக்னட்டோக்காரன். பாட்டரி இல்லாத அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்களில் பிளக்குக்குப் பொறி கொடுப்பது மேக்னட்டோதான். குதிரை லாடம் போல வளைந்த ஒரு காந்தம். அதன் இரண்டு கால்களுக்கும் நடுவே தலைமுடி தடிமனுள்ள செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றி, அரக்குப் பூசிய ஆர்மேச்சர் ஒன்று சுழலும். அதன் நுனி வளையத்தில் உரசும் கார்பன் பிரஷ் வழியாக மின்சாரம் பிளக்குக்குப் போகும். அந்தக் கம்பியைச் சுற்றுகிறவன் கிளெம். பெர்த்திலிருந்து பார்சல் வரும், டாஸ்மேனியாவிலிருந்து வரும். முகம் தெரியாதவர்கள் எல்லாம் அவன் கைவேலையை நம்பிப் பாலைவனத்தில் வண்டி ஓட்டினார்கள். நான் பார்லி போடுகிறவன். எனக்குத் தெரிந்த கம்பி முள்கம்பிதான்.

"வெர்ன் கை பட்டா விளங்காது" என்று எங்கள் அப்பா என்னைப் பற்றிச் சொல்வார். அவர் போய் முப்பது வருஷம் ஆகியும் கிளெம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான். கிளப் கூட்டத்தில் சொல்வான், தன் மனைவி ஏவிஸ் முன்னால் சொல்வான், என் கல்யாணத்தில்கூடச் சொன்னான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும்.

வாலிபத்தில் ரயில்வே பட்டறையில் பாய்லர்களுக்குக் கல்நார் பொதிந்ததன் பலன் எழுபத்தோராவது வயதில் அவன் நுரையீரலில் வந்து உட்கார்ந்தது. மருந்து ஏற்றினார்கள். அதில் நோய் போகவில்லை, விரல் நுனிகளில் இருந்த உணர்ச்சிதான் போனது. சட்டைப் பொத்தானை ஏவிஸ்தான் போட்டுவிட வேண்டும். ஈஸ்டர் வரைக்கும் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

ஈஸ்டர் சனிக்கிழமைதான் எங்கள் பழைய வண்டி கிளப் மூன்டாவிலிருந்து வாலரூ துறைமுகப் பாலம் வரை போகும் நாள். அப்பாவின் 1926-ஆம் வருஷ வண்டியில், சைட்காரோடு, முப்பத்தெட்டு வருஷம் விடாமல் போனவன் கிளெம். அவன் படுத்ததிலிருந்து வண்டி தகர ஷெட்டில் இரண்டு வருஷமாக நின்றுகொண்டிருந்தது.

"இந்தத் தடவ நீ ஓட்டு. நான் சைட்கார்ல உக்காந்துக்கறேன்," என்றான் கிளெம். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தரம் மூச்சு வாங்கினான். "பெட்டியில படுத்துப் போறதுக்கு முன்னாடி உக்காந்து ஒரு தடவ போயிடறேன்டா."

"ஓட்டறேன். அதுக்கென்ன."

"ஸ்டார்ட் பண்ணிட்டு அப்புறம் பேசு."

வியாழக்கிழமை காலையில் உதைத்துப் பார்த்தேன். நாலு உதைக்கு ஒரு தரம் பொறி வந்தது, மூன்று தரம் வரவில்லை. ஓடிப்போய்ச் சொன்னேன். கிளெம் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"வளையம் அழுக்கா இருக்கும். ரெண்டு வருஷம் நின்னா அப்படித்தான். கார்பன் பிரஷ் மூடியக் கழட்டு. பென்சில்ல துணியச் சுத்தி பெட்ரோல்ல தொட்டு ஓட்டைக்குள்ள விடு. எஞ்சின மெதுவா சுத்திக்கிட்டே தொடச்சு விடு. பத்து நிமிஷ வேல." அப்புறம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். "வேற எதையும் தொடாத. உன் கையப் பத்தி எனக்குத் தெரியும்."

அந்தக் கடைசி வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னதால்தான் செய்தேன் என்று பழியை அவன்மேல் போடவில்லை. ஷெட்டுக்கு நடந்து போகையில் அது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். பென்சில் வேலையைக் குழந்தைகூடச் செய்யும். நான் மேக்னட்டோவையே கழற்றி, பிரித்து, பேரிங் வரைக்கும் துடைத்து, புதுசு மாதிரி கொண்டுபோய்க் காட்டலாம் என்று நினைத்தேன். அவன் செய்வதை ஐம்பது வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவன்தானே.

பிரஷ்ஷை எடுக்காமல் ஆர்மேச்சரை உருவினால் வளையம் தெறித்து உடையும். கற்றுக்குட்டிகள் எல்லோரும் செய்யும் தப்பு அது. நான் செய்யவில்லை. முதலில் பிரஷ்ஷை எடுத்து, ஒரு சாஸரில் பத்திரமாக வைத்தேன். அதை மறக்கவில்லை என்ற சந்தோஷத்தில் ஆர்மேச்சரை உருவிப் பெஞ்சில் வைத்துவிட்டு, சாப்பிடலாம் என்று வீட்டுக்குள் போனேன். ஏவிஸ் இறைச்சியும் உருளைக்கிழங்கும் பொதிந்த பாஸ்டி சுட்டிருந்தாள். இரண்டு தின்றேன்.

திரும்பி வந்து பெஞ்சைப் பார்த்தபோதுதான் செய்த தப்பு தெரிந்தது. லாட காந்தம் இரண்டு காலும் வெறுமனே நின்றது. அந்தக் காலத்துக் காந்தம் சவலைப்பிள்ளை. நடுவில் ஆர்மேச்சர் இருக்கும்வரை சக்தியைப் பிடித்து வைத்திருக்கும். அதை எடுப்பதற்கு முன் இரண்டு கால்களையும் சேர்த்து ஓர் இரும்புத் துண்டைக் குறுக்கே ஒட்டவைக்க வேண்டும். கீப்பர் என்பார்கள். இல்லையென்றால் உருவிய அந்த நொடியிலேயே சக்தியில் பாதி போய்விடும். கிளெமின் கீப்பர் என் கண் முன்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவசர அவசரமாகப் பூட்டி, வண்டியில் மாட்டி, உதைத்தேன். இப்போது ஒவ்வோர் உதைக்கும் பொறி வந்தது. ஆனால் சோகை பிடித்த மஞ்சள் நூல் மாதிரி வந்தது. எஞ்சின் ஒரு தரம்கூட இருமவில்லை. இருபது உதை உதைத்தேன். படுக்கையறை ஜன்னல் ஷெட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. அவன் எண்ணிக்கொண்டிருப்பான் என்று தெரியும்.

உள்ளே போனேன். ஏவிஸ் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"பிரிச்சியா?" என்றான் கிளெம்.

"பேரிங் காஞ்சிருந்துச்சு. அதான்."

"தெரியும்டா. ரெண்டு மணி நேரம் சத்தமே இல்லையே. பென்சில் வேலைக்கு ரெண்டு மணி நேரமா?" அவனுக்குக் கோபம்கூட இல்லை. ஏவிஸைப் பார்த்துக் கண் சிமிட்டினான். "கீப்பர் போட்டியா, இல்ல வழக்கம்போலத்தானா?"

ஏவிஸ் சிரித்தாள். அவள் சிரித்து ஒரு வாரம் ஆகியிருக்கும்.

"போட்டேன்," என்றேன்.

"நிஜமாவா?"

"போட்டேன்னு சொல்றேன்ல. அதுகூடத் தெரியாதா எனக்கு?"

"சரி சரி. முறைக்காத," என்றான். நம்பிவிட்டான்.

காந்தத்துக்குச் சக்தி ஏற்றும் எந்திரம் கிளெமிடம் இருந்தது. கடையை மூடியபோது அதை டனுண்டாவில் அதே தொழில் செய்யும் ரைன்ஹோல்ட் ஷிர்மருக்குக் கொடுத்துவிட்டான். நான் அன்றைக்கே இரண்டு மணி நேரம் காரோட்டிப் போயிருந்தால் அரை நிமிஷ வேலை. ஆனால் ரைன்ஹோல்டுக்குத் தெரிந்தால் சாயந்திரத்துக்குள் கிளெமுக்குப் போன் வரும். அப்புறம் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போதும் கிளப்பில் ஒருத்தன் அதைச் சொல்லிச் சிரிப்பான். நான் போகவில்லை. கிளெமே வேறு ஏதாவது வழி சொல்வான், வண்டி எப்படியாவது கிளம்பிவிடும் என்று முட்டாள்தனமாக நம்பினேன்.

அவன் வழி சொன்னான். அதுதான் கொடுமை. அடுத்த நாலு நாள், மிச்சமிருந்த மூச்சையெல்லாம் அதில் போட்டான். காலையில் கண் விழித்ததும் ஏவிஸிடம் தண்ணீர் கேட்பதற்கு முன்னால் என்னைக் கேட்டான்.

"பாயின்ட் இடைவெளி பாரு. போஸ்ட் கார்டு நுழையணும், ரெண்டு நுழையக் கூடாது."

பார்த்தேன். சரியாக இருந்தது. இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"பாயின்ட்ல பொறி பறக்குதா? பறந்தா கண்டன்சர் போச்சு."

பறக்கவில்லை.

"பிளக் ஒயர மாத்து. மேல் டிராயர்ல புதுசு இருக்கு."

மாற்றினேன். ஒவ்வொரு தரமும் ஷெட்டுக்குப் போய், செய்து, உதைத்து, திரும்பி வந்து, இல்லை என்று தலையாட்டினேன். அவன் கண்ணை மூடி யோசிப்பான். நெற்றியில் வியர்க்கும். மார்ஃபின் போட்டால் யோசிக்க முடியவில்லை என்று ஊசியைத் தள்ளிப்போடச் சொன்னான். வலியோடு படுத்து, இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருந்தான். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன். முதல் நாள் சொல்லியிருந்தால் கேலியோடு போயிருக்கும். நாலாம் நாள் சொன்னால் வலியைத் தாங்கிக்கொண்ட அந்த நாலு நாளுக்கும் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

திங்கட்கிழமை, "அதக் கழட்டிக் கொண்டா," என்றான்.

மேக்னட்டோவைப் போர்வையின் மேல் வைத்தேன். காந்தம் நல்லதாக இருந்தால் சுழற்றும்போது ஆர்மேச்சரைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். கையை நன்றாகத் தடுக்கும். கிளெம் அதைத் தொட்டாலே சொல்லிவிடுவான். என் குட்டு உடைந்தது என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவன் தண்டைப் பிடித்துத் திருகினான். இன்னொரு தரம் திருகினான். கையை எடுத்துப் பார்த்துக்கொண்டான்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலடா," என்றான். குரல் உடைந்திருந்தது. அவன் அழுது நான் பார்த்ததில்லை. "பஞ்சத் தொட்ட மாதிரி இருக்கு. நீ சுத்து. இழுக்குதா?"

நான் சுற்றினேன். வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு போனது.

"நல்லா இழுக்குது," என்றேன்.

அவன் மேக்னட்டோவை மெல்லத் தள்ளி வைத்தான். ஆக்சிஜன் எந்திரம் புஸ் புஸ் என்றது.

"அப்போ நான் சுத்தினதுலதான் கோளாறு," என்றான். "வேற என்ன மிச்சம் இருக்கு? தகர ஷெட்டு. ரெண்டு கோட வெயிலு. அரக்கு உருகிருச்சு. எண்பத்தாறுல சுத்தினது. அந்த டப்பா அரக்குதான் சரியில்ல போல."

"பழசாயிடுச்சு கிளெம். எல்லாம் ஒரு நாளைக்குப் போறதுதான்."

"நான் சுத்தினது போகாது," என்றான். "போகக் கூடாது."

புதன்கிழமை என்னைப் பேனா எடுக்கச் சொன்னான். அப்பா வண்டிக்குச் சுற்றிய அதே மாதம், அதே டப்பா அரக்கில் ஒன்பது பேருக்குச் சுற்றியிருக்கிறான். நோட்டுப் புத்தகம் எதையும் பார்க்காமல் ஒன்பது பேரையும் சொன்னான். ஹான்டார்ஃபில் ஒரு பல் டாக்டர். கூல்கார்டியில் ஒரு பாதிரி. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஒரு விதவை, புருஷன் வண்டியை அவளே ஓட்டுகிறாள்.

"எதுக்கு கிளெம் இதெல்லாம்? அவங்க வண்டி ஓடிக்கிட்டுத்தானே இருக்கு."

"அந்தப் பொம்பள தனியா போறவ. நடுப் பாலைவனத்துல நின்னு போச்சுன்னா? எழுது."

எழுதினேன். '1986-இல் நான் சுற்றிக் கொடுத்த மேக்னட்டோவை இனிமேல் நம்ப வேண்டாம். அதை வைத்துத் தொலைதூரம் போக வேண்டாம். வேலை என்னுடையது, தவறும் என்னுடையது. மன்னிக்கவும்.' ஒன்பது தரம் என் கையால் எழுதினேன். ஒவ்வொன்றிலும் மரத்துப்போன விரல்களால் கையெழுத்துப் போட ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டான். மூன்றாவது கடிதத்தில் கையெழுத்து கோணியதென்று திரும்ப எழுதச் சொன்னான். மறுநாள் காலை ஏவிஸ் கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தாள். அவள் ஸ்டாம்ப் ஒட்டும்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், ஒரு ஸ்டாம்ப்பை நானே ஒட்டினேன்.

அன்று முழுக்க அவன் என்னைக் கூப்பிடவில்லை. வண்டியைப் பற்றிக் கேட்கவும் இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஊசியை அவனே கேட்டு வாங்கினான்.

புனித வெள்ளியன்று காலை அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. ஏவிஸ் அவனுக்கு டீயை ஸ்பூனில் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் இருக்கும்போதே சொன்னேன். தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்று சொன்னேன்.

"கிளெம், நான் கீப்பர் போடல."

அவன் திரும்பினான்.

"உருவி வெச்சுட்டுப் பாஸ்டி திங்கப் போயிட்டேன். காந்தம் செத்துப்போச்சு. கையில வெச்சு சுத்தினப்போ இழுக்கவே இல்ல. உன் சுத்துல ஒரு குறையும் கிடையாது. எல்லாம் நான் பண்ணினது."

கிளெம் என்னையே பார்த்தான். அப்புறம் அவன் முகம் இளகியது. கையை நீட்டினான். நான் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு நடிக்கவே வராதுடா," என்றான்.

"நடிக்கல கிளெம். சத்தியமா."

"ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவயும் போட்டேன்ன." மூச்சு வாங்கினான். "கையில வெச்சு சுத்திப் பாத்து இழுக்குதுன்ன. நாலு நாளு நாயா அலைஞ்ச. ஒன்பது லெட்டர் எழுதின. சாகப்போறவன்கிட்ட அப்படியெல்லாம் பொய் சொல்றதுக்கு நீ அவ்வளவு கேடுகெட்டவன் இல்ல வெர்ன்."

"கேடுகெட்டவன்தான். அதத்தான் சொல்றேன்."

"இப்போ சொல்றதுதான் பொய். நல்ல பொய்." சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்தது. "அறுபத்தொம்பது வருஷத்துல மொத தடவயா ஒரு தப்ப உன் தலையில எடுத்துப் போட்டுக்கற. அப்பா இருந்து கேட்டிருக்கணும்."

நான் கத்தினேன். கட்டிலைப் பிடித்து உலுக்கினேன் என்றுகூட நினைக்கிறேன். ஏவிஸ் என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள். நடையில் வைத்து என்னைக் கட்டிக்கொண்டாள். கிளெமைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த நாற்பத்தாறு வருஷத்தில் அவள் என்னைக் கட்டிக்கொண்டதில்லை.

"அவருக்காக இப்படிச் சொன்னியே வெர்ன்," என்றாள். "இத நான் மறக்கவே மாட்டேன்."

"ஏவிஸ், நிஜமாத்தான் சொல்றேன்."

"தெரியும், தெரியும். போதும். அவர் களைச்சுட்டார்."

நிரூபித்துக் காட்டலாம் என்று ரைன்ஹோல்ட் வீட்டுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்துக் கடைக்குப் போட்டேன். குடும்பத்தோடு ஆற்றில் படகு வீட்டுக்குப் போயிருக்கிறான், செவ்வாய்க்கிழமைதான் வருவான் என்றார்கள். ஷெட்டுக்குப் போய் அந்தக் காந்தத்தைப் பெஞ்சில் வைத்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சனிக்கிழமை கிளப்காரர்கள் வழியை மாற்றிக்கொண்டு எங்கள் தெருவழியாக வந்தார்கள். முப்பது வண்டிகளுக்கு மேல் இருக்கும். வீட்டு முன்னால் வேகம் குறைத்து, ஒவ்வொன்றாகப் போனார்கள். ஏவிஸ் ஜன்னலைத் திறந்துவிட்டாள். கிளெம் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தான்.

"அது என்னோடது," என்றான் ஒரு வண்டி போனபோது. கொஞ்சம் கழித்து, "அதுவும்." அப்புறம், "எத்தன நாளைக்கு ஓடுமோ, பாவம்."

அதுதான் நான் கேட்க அவன் பேசிய கடைசிப் பேச்சு. திங்கட்கிழமை மத்தியானம் போய்விட்டான்.

அடக்கம் வெள்ளிக்கிழமை. சவ வண்டிக்கு முன்னால் அப்பாவின் வண்டி போக வேண்டும் என்று கிளப்பில் முடிவு செய்தார்கள். கயிறு கட்டி இழுக்கலாம் என்றார்கள். நான் புதன்கிழமை மேக்னட்டோவை எடுத்துக்கொண்டு டனுண்டாவுக்குப் போனேன். ரைன்ஹோல்ட் அதை எந்திரத்தில் வைத்து சுவிட்சை மூன்று தரம் தட்டினான். முழுசாக அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு தண்டைப் பிடித்துச் சுழற்றினான். பொறி பளிச்சென்று நீலமாக, கட்டைவிரல் அகலத்துக்குத் தாவியது.

"அடேயப்பா," என்றான். "எண்பத்தாறுல சுத்தினதா இது? இன்னும் அம்பது வருஷம் ஓடும்யா. காந்தம் மட்டும் எப்படிச் செத்துச்சு?"

"தெரியல," என்றேன். பாருங்கள், அப்போதும்.

வியாழக்கிழமை காலை வண்டியில் மாட்டினேன். முதல் உதைக்குச் சீறியது, இரண்டாவது உதைக்குக் கிளம்பிவிட்டது. தகரக் கூரை அதிர்ந்தது. தட் தட் தட் என்று நிதானமாக, ஒன்றுகூடத் தவறாமல் ஓடியது.

ஏவிஸ் பின்கதவைத் திறந்துகொண்டு வந்தாள். முகத்தில் சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி வந்து என் பக்கத்தில் நின்று கேட்டாள்.

"வேற கம்பி சுத்திட்டாங்களா?" என்று சத்தத்துக்கு மேல் கத்தினாள். "ஒரே நாள்லயா?"

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். இந்தத் தடவை முடியவில்லை.

"இல்ல. இது அவன் சுத்தினதுதான். காந்தத்துக்கு மட்டும் சக்தி ஏத்திக்கிட்டு வந்தேன்."

அவள் வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"நேத்து ஹான்டார்ஃப் பல் டாக்டர் போன் பண்ணினார்," என்றாள். "வண்டி நல்லாத்தான் ஓடுது, ஆனா கிளெம் சொன்னா சரியாத்தான் இருக்கும், கழட்டி வெச்சுட்டேன்னார்."

நான் தொப்பியைக் கழற்றினேன்.

"வெள்ளிக்கிழம நீ சொன்னது…"

"ஆமா."

"அன்னிக்கு நான் உன்ன…" அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள், நான் தொடவே இல்லை. "அத நிறுத்து."

நிறுத்தினேன்.

"நாளைக்கு வண்டி வரட்டும்," என்றாள். "அது அவர் வேல. அத எல்லாரும் கேக்கணும். வேற யாராவது ஓட்டிக்கிட்டு வரட்டும். நீ வராத."

சரி என்றேன்.